பட்சி எப்போது பேசும்: ஒரு சோதனைத் தாளின் நாட்குறிப்பு

3 மார்ச் 2025

ஆளின் வகை, நினைவு, உள்ளுணர்வு மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற தமிழ்ச் சோதனைத் தாள் ஒன்று தயாராகிறது. உளவியல் இளங்கலைச் செய்முறைக்கானது. எதை எடுத்தோம், எதைத் தள்ளினோம், எங்கே இடறும் என்பது அவ்வப்போது இங்கே வரும்.

முதலில் தள்ளியது எம்பிடிஐ என்ற ஆளுமைக் கேள்வித்தாள். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் மனத்துக்கு நான்கு வேலைகள் சொன்னார்: சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு. காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அதைக் கேள்வித்தாளாக்கினார்கள். வகைக்கு நான்கு எழுத்துப் பெயர் என்று, இன்று பதினாறு வகையாக எல்லோர் வாயிலும் புழங்குவது அதுதான். அதில் புலனறிவு ஒரு முனை, உள்ளுணர்வு மறுமுனை என்று ஓர் அளவுகோல் உண்டு. உள்ளுணர்வுப் பக்கம் விழுந்தவருக்குப் பொறி தட்டும், ஆனால் விவரம் மனதில் நிற்காது என்று ஒரு நம்பிக்கை அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கேள்விகளை உட்கார்ந்து படித்தால் தெரியும்: அந்தத் தாள் நினைவைச் சோதிக்கவே இல்லை. பொறி தட்டுகிறதா என்றும் பார்க்கவில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்கிறது.

1989-இல் மெக்ரேவும் காஸ்டாவும் அதை, ஆளுமையை ஐந்து பண்பாகப் பிரிக்கும் அளவோடு ஒப்பிட்டார்கள். புலனறிவு–உள்ளுணர்வு அளவுகோல் 'புதுமைக்குத் திறந்த மனம்' என்ற பண்போடு சுமார் 0.7 அளவுக்கு ஒட்டியது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). ஐந்தில் ஒன்றான மனக்கலக்கப் போக்கு மட்டும் நான்கு எழுத்தில் எதிலும் அகப்படவில்லை. கவலை வந்தால் இவர் என்ன ஆவார் என்பதை எம்பிடிஐ சொல்லாது. நம் தாளுக்கு வேண்டியதோ அதுதான்.

வகை பிரிக்க வெட்டும் இடமும் கோளாறு. மதிப்பெண்கள் நடுவில்தான் குவியும், கத்தியும் நடுவில்தான் விழுகிறது. ஒரு கேள்விக்கு அடுத்த மாதம் வேறு பதில் சொன்னால் எழுத்து மாறிவிடும், ஆள் மாறியிருக்க மாட்டார்.

5 மார்ச்

எடுத்துக்கொண்டது யூலியஸ் கூல் கட்டிய ஆளுமைக் கோட்பாடு. ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். யுங்கின் நான்கு வேலைகளைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நினைவு அல்லது செயல் அமைப்பை வைத்தார். தமிழில் நாம் வைத்த பெயர்கள் இவை.

எண்ண நினைவு: செய்ய நினைத்து இன்னும் செய்யாத வேலையைப் பிடித்து வைப்பது. சிந்தனை இதன் துணை. செய்கை ஓட்டம்: யோசிக்காமலே கை போகிற போக்கு, பேச்சுக்கு நடுவே தலையசைப்பது, பழகிய தெருவில் திரும்புவது. விரிநினைவு: பட்டதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பெரிய வலை. அதில் இருப்பதைச் சொல்லாக எடுக்க முடியாது, ஆனால் அது உந்தும். நான்காவது பிசகு பார்க்கும் கண்: ஒன்றைப் பின்னணியிலிருந்து தனியே பிரித்து 'இது இங்கே பொருந்தவில்லை' என்று காட்டும்.

இந்த நான்கில் எது முன்னே நிற்கும் என்பதை மனநிலை தீர்மானிக்கிறது என்கிறார் கூல். மகிழ்ச்சி வந்தால் எண்ண நினைவிலிருந்து செய்கைக்கு வழி திறக்கும். கவலையை அடக்க முடிந்தால் விரிநினைவு கைக்கு எட்டும். அடக்க முடியாவிட்டால் பிசகு பார்க்கும் கண் மட்டும் விழித்திருக்கும். எல்லோருக்கும் கவலை வரும். அதைத் தானாகவே தணித்துக்கொள்ள முடிகிறதா, அதிலேயே சிக்கிக் கிடக்கிறாரா என்பதுதான் இங்கே ஆளின் வகை. முன்னவர் செயல்நோக்கினர், பின்னவர் நிலைநோக்கினர்.

தமிழில் 'உள்ளுணர்வு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்த்துக் குழப்புகிறது. கூல் உள்ளுணர்வு என்று பெயரிட்டது செய்கை ஓட்டத்துக்கு. நாம் பேச்சில் 'பட்சி சொல்லுது' என்று சொல்வது பெரும்பாலும் விரிநினைவின் வேலை: காரணம் தெரியாது, முடிவு தெரியும். தாளில் உள்ளுணர்வு என்று வரும் இடமெல்லாம் இந்தப் பட்சியையே குறிக்கும் என்று முன்னுரையில் ஒரு வரி போட்டாயிற்று.

ஒரு எச்சரிக்கை. கோட்பாடு ரொம்பப் பெரியது. அதில் சோதித்துப் பார்த்த பகுதிகள் சில மட்டுமே. நான்கு பெட்டிகளையும் மூளைக்குள் நான்கு இடங்களாக மாணவர்கள் படம் போடுவார்கள், விடக்கூடாது.

7 மார்ச்

இன்றைய வேலை மூன்று சொல் தொகுதிகள். தாளின் உயிர் இதில்தான்.

முறை கனடாவின் கென்னத் பவர்ஸ் 1990-இல் கொண்டுவந்தது. மூன்று சொற்களைக் காட்ட வேண்டும். சில தொகுதிகளில் மூன்றையும் கட்டும் நான்காவது சொல் உண்டு, சிலவற்றில் கிடையாது. 'உப்பு, ஆழம், நுரை' என்றால் கடல். கேள்வி 'அந்தச் சொல் என்ன?' என்பதல்ல. 'மூன்றும் ஒன்று சேருமா, சேராதா?' என்பதுதான். விடைச் சொல் நாவுக்கு வராதபோதும் சேரும் என்று சரியாகச் சொல்ல ஆட்களால் முடிகிறது. பட்சியை இதைவிடச் சுத்தமாகப் பிடிக்கும் கூண்டு நமக்குத் தெரிந்து இல்லை.

2002-இல் நிக்கோலா பாவ்மனும் கூலும் இதே வேலையைச் சோகமான மனநிலையில் கொடுத்துப் பார்த்தார்கள். நிலைநோக்கினரின் கணிப்பு சரிந்தது, செயல்நோக்கினருடையது சரியவில்லை. அடுத்த ஆண்டு போல்ட்டே, கோஷ்கே, கூல் மூவரும் செய்த ஆய்வில் மகிழ்ச்சி கணிப்பை உயர்த்தியது, எதிர்மறை மனநிலை கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அளவுக்கே அதை இறக்கிவிட்டது.

ஆங்கில, ஜெர்மன் தொகுதிகளை மொழிபெயர்த்தால் வேலைக்கு ஆகாது. கடல் தப்பித்தது அதிர்ஷ்டம். தமிழுக்குத் தமிழிலிருந்தே கட்ட வேண்டும். முதல் முயற்சியில் கூட்டுச்சொற்களை எடுத்தோம்: 'மழை, கண், இள' என்றால் நீர். 'பட்டு, கொசு, மண்' என்றால் புழு. அழகாக இருக்கிறது, ஆனால் பயனில்லை. கூட்டுச்சொல்லின் முதல் பாதியைப் பார்த்ததுமே வாய் அடுத்த பாதியைச் சொல்லிவிடும். விடை தெரிந்துவிட்டால் அது கணிப்பல்ல, அந்தத் தொகுதியை எண்ணிக்கையிலிருந்து நீக்கியாக வேண்டும். 'இள' என்பது தனியே நிற்கும் சொல்லும் அல்ல. அதைக் கண்டதுமே இது ஒட்டுவேலை என்று புரிந்துவிடும்.

சரியாக வந்தவை, ஒரே பெயரைப் பல பொருள்களுக்கு நீட்டிச் சொல்லும் தமிழ்ப் பழக்கத்திலிருந்து கிடைத்தன.

ரோஜா, கடிகாரம், மீன் – முள்.
ஆமை, கூரை, முட்டை – ஓடு.
அரிசி, மாடி, பாடம் – படி.
குடம், எரிமலை, பல் – வாய்.
தேங்காய், தோகை, இமை – கண்.
நூல், காய்ச்சல், வெடி – ஊசி.

முள் தொகுதியைக் கவனியுங்கள். ரோஜாவும் கடிகாரமும் மீனும் எந்தக் கடையிலும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருப்பதில்லை. இரண்டு சொல் போதாது, மூன்றாவது வந்ததும் ஏதோ இழுக்கிறது. இழுப்பு வந்த பிறகு சொல் வர சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் நாம் அளக்கப் போவது.

சேராத தொகுதிகள் தயாரிக்க வேறு சொல் தேட வேண்டாம். சேரும் தொகுதிகளிலிருந்தே ஒவ்வொன்றாக உருவிக் கலக்க வேண்டும்: 'ரோஜா, முட்டை, காய்ச்சல்', 'கூரை, பல், நூல்'. இப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே சொற்கள், எனவே சொல்லின் பழக்கமோ நீளமோ முடிவைக் கெடுக்காது. ஒருவருக்கு ஒரு சொல் ஒருமுறை மட்டும் வர வேண்டும். அதற்காக 'அ', 'ஆ' என்று இரண்டு தாள் பிரிக்கிறோம். 'அ' தாளில் முள் தொகுதி முழுசாக இருந்தால், 'ஆ' தாளில் அது சிதறியிருக்கும்.

கலக்கும்போது தற்செயலாக ஒட்டிவிடும். 'மீன், குடம், ஆமை' என்று ஒன்று விழுந்தது. தண்ணீர் மூன்றையும் கட்டிவிட்டது. ஒவ்வொரு சேராத தொகுதியையும் தாளில் சம்பந்தப்படாத ஐந்து பேரிடம் நேரக்கெடு இல்லாமல் கொடுத்து, 'ஏதாவது சொல் கட்டுமா?' என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே சொல்லைச் சொன்னால் அந்தத் தொகுதி போச்சு.

இனிமையான சொல், கசப்பான சொல் என்ற கணக்கும் உண்டு. டோப்போலின்ஸ்கியும் ஸ்ட்ராக்கும் 2009-இல் காட்டியது: சேரும் சொற்கள் மனதில் தடையில்லாமல் ஓடும், அந்த ஓட்டம் சிறு இன்பம் தரும், ஆட்கள் அந்த இன்பத்தையே துப்பாக வைத்துச் 'சேரும்' என்கிறார்கள். ஆகவே ரோஜா, மயில், தேன் என்று நல்ல சொல்லாக அடுக்கிய சேராத தொகுதிக்கும் 'சேரும்' என்றே பதில் வரும். கலக்கும்போது இனிய சொற்கள் ஒரே பக்கம் குவியாமல் பார்க்க வேண்டும்.

காட்டும் விதம்: மூன்று சொல்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றரை விநாடி. திரை காலி. இரண்டு விநாடிக்குள் பொத்தான். பிறகு, விடைச் சொல் தெரிந்தால் எழுத எட்டு விநாடி. இரண்டு விநாடிக் கெடுவை மூன்றாக்கலாமே என்று தோன்றும். ஆக்கினால் ஆட்கள் விடை தேடத் தொடங்கிவிடுவார்கள், எண்ண நினைவு உள்ளே வந்துவிடும்.

8 மார்ச்

நேற்று விட்டுப்போன மதிப்பெண் கணக்கு. சேருவன 20, சேராதவை 20, ஆக 40. காசு சுண்டிப் பதில் சொன்னாலும் 20 சரியாக வரும், அதில் மூன்று கூடக் குறைய இருப்பது சாதாரணம். 27 எட்டாத ஒருவரைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் 'சேரும்' என்று அமுக்குகிற ஆளும் 20 வாங்கிவிடுவார். விடை தெரிந்து நீக்கியவை போனால் இரண்டு பக்கமும் சமமாகவும் இராது. அதனால் பார்ப்பது மொத்தச் சரி அல்ல, சேருவனவற்றுக்குச் சொன்ன 'சேரும்' விகிதத்திலிருந்து சேராதவற்றுக்குச் சொன்ன 'சேரும்' விகிதத்தைக் கழித்த மிச்சம்.

11 மார்ச்

பட்சி பொய்யும் சொல்லும். விரிநினைவின் அதே வலைதான் காரணம் என்பதால் பொய் நினைவுப் பட்டியல் ஒன்றும் தாளில் இருக்கிறது.

டீஸ் 1959-இல் தொடங்கி, ரோடிகரும் மெக்டெர்மட்டும் 1995-இல் மீட்டெடுத்த முறை. ஒரு சொல்லைச் சுற்றி 15 சொற்கள். அந்தச் சொல் மட்டும் பட்டியலில் கிடையாது. நம் பட்டியல்: படுக்கை, ஓய்வு, கனவு, சோர்வு, விழிப்பு, பாய், கொட்டாவி, இரவு, குறட்டை, போர்வை, தாலாட்டு, தலையணை, அலாரம், இமை, தொட்டில். சொல்லுக்கு ஒன்றரை விநாடி வீதம் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் எழுதச் சொல்ல வேண்டும். 'ஊகிக்க வேண்டாம், கேட்டது உறுதி என்றால் மட்டும் எழுதுங்கள்' என்று சொன்ன பிறகும் 'தூக்கம்' எழுதுவார்கள். 1995 ஆய்வில் 15 சொல் பட்டியல்களில் அந்த இல்லாத சொல்லை எழுதிய விகிதம் 55 சதவீதம். பட்டியலின் நடுவில் நிஜமாகவே வாசித்த சொற்கள்கூட அந்த அளவுக்கு எட்டவில்லை.

தமிழில் திருத்துபவருக்கு ஒரு தொல்லை. சிலர் 'உறக்கம்' என்று எழுதுவார்கள். இலங்கைத் தமிழர் 'நித்திரை' என்பார்கள். மூன்றையும் ஒரே பிழையாக எண்ண வேண்டும். இன்னொன்று: 'இமை' இந்தப் பட்டியலிலும் வருகிறது, கண் தொகுதியிலும் வருகிறது. பட்டியலில் அதை எடுத்துவிட்டு 'மெத்தை' போட்டாயிற்று. 'ஊசி'யை வைத்துப் பட்டியல் கட்டும் ஆசையும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது.

ஸ்டோர்பெக்கும் க்ளோரும் 2005-இல் சோகமான இசை கேட்டவர்களிடம் இதே வேலையைக் கொடுத்தார்கள். பொய் நினைவு குறைந்தது; உண்மையில் கேட்ட சொற்களின் நினைவு குறையவில்லை. மூன்று சொல் தொகுதியோடு சேர்த்துப் பாருங்கள். சோகம் பட்சியின் வாயை அடைக்கிறது. அடைத்ததால் சரியான கணிப்பும் போகிறது, தவறான நினைவும் போகிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்ததன் காரணம் இதுதான்: நிலைநோக்கினர் ஒருவர் முதல் வேலையில் சறுக்கி, இரண்டாவதில் மற்றவரைவிடச் சுத்தமாக வந்தால் அவருக்கு ஞாபகசக்தி மட்டு என்று சொல்ல முடியாது. வலை எட்டவில்லை, அவ்வளவே.

எல்லா நாளையும் நினைவில் வைத்திருக்கும் அபூர்வ ஆட்கள் உண்டு. ஒரு தேதியைச் சொன்னால் கிழமை, அன்று நடந்தது என எல்லாம் வரும். 2013-இல் அப்படிப்பட்ட 20 பேரிடம் பொய் நினைவுச் சோதனைகளை நடத்தினார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள்.

13 மார்ச்

வகை பார்க்கும் கேள்வித்தாள். கூலின் மூலத்தாளில் 36 கேள்விகள், 12 வீதம் மூன்று பிரிவு: தோல்விக்குப் பிறகு என்ன ஆகிறார், முடிவெடுத்து வேலையைத் தொடங்குகிறாரா, பிடித்த வேலையில் நிற்கிறாரா. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில், ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நமக்கு முதல் பிரிவு போதும். மதிப்பெண் 0 முதல் 12 வரை.

மூலத்தை அப்படியே பெயர்க்க அனுமதி வேண்டும் என்பதால் மாதிரிக்கு நாமே எழுதியது:

"நேர்முகத் தேர்வு சொதப்பிவிட்டது. அன்று மாலை: அ) அங்கே என்ன சொல்லியிருக்கலாம் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஆ) சற்று நேரம் வருந்திவிட்டு வேறு வேலையில் இறங்கிவிடுவேன்."

முதல் வரைவில் 'ஆ' பதில் 'அதை மறந்து துணிவோடு அடுத்ததைப் பார்ப்பேன்' என்று இருந்தது. துணிவு என்ற சொல் வந்ததும் எல்லோரும் அதற்கே போவார்கள். இரண்டு பதிலும் ஒரே அளவு மரியாதையாக இருக்க வேண்டும். 'புலம்புவேன்' என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். 'மனதில் ஓடும்' என்றால் கூச்சமில்லாமல் தொடுவார்கள். குடும்பத்தில் சாவு, காதல் முறிவு மாதிரி நிலைமைகளையும் எடுத்துவிட்டோம். அங்கே உடனே வேறு வேலையில் இறங்குகிறேன் என்று சொன்னால் ஆளையே தப்பாக நினைப்பார்கள் என்று பயந்து 'அ' போடுவார்கள்.

6-க்குக் கீழே ஒரு வகை, மேலே இன்னொரு வகை என்று வெட்ட வேண்டாம். எம்பிடிஐயைத் தள்ளிய அதே காரணம். 0 முதல் 12 வரை வந்த எண்ணை அப்படியே வரைபடத்தில் போடுங்கள்.

நிலைநோக்கைக் குறையாகப் படிக்கிற அவசரம் மாணவர்களிடம் இருக்கும். அமைதியான சூழலில் மூன்று சொல் வேலையில் இரு சாராரும் ஒன்றுபோலவே செய்கிறார்கள். வித்தியாசம் கவலை ஏறும்போதுதான்.

16 மார்ச்

இதுவரை பார்த்ததில் வகைக்கும் நினைவுக்கும் நேரான தொடர்பு தெரியும் இடம் இன்றைய வேலை. கூலும் காசேனும் 1994-இல் செய்தது. பாவ்மன் பின்னர் திரும்பச் செய்தார். ஒருவர் அலுவலகத்தில் ஒரு நாள் செய்யப்போகும் வேலைகளில் சிலதைத் தானே தேர்கிறார், சிலதை மேலதிகாரி தலையில் கட்டுகிறார். பிறகு, எது யார் தேர்ந்தது என்று எதிர்பாராமல் கேட்கிறார்கள். சோகத்தில் இருக்கும் நிலைநோக்கினர், அடுத்தவர் கட்டியதை 'நானே தேர்ந்தது' என்று நினைவுகூர்கிறார்கள். மற்றவரின் விருப்பம் தன் விருப்பமாக உள்ளே புகுந்துவிடுகிறது. தனக்கு எது வேண்டும் என்று சொல்வது விரிநினைவு. அது எட்டாதபோது அந்த இடத்தில் யார் சொன்னதும் உட்காரும்.

நம் முறை அட்டைகளில். 48 அட்டை, அட்டைக்கு ஒரு வேலை. 'கோப்புகளை அகரவரிசைப்படுத்துவது', 'பென்சில் சீவுவது', 'உறைகளில் தபால்தலை ஒட்டுவது', 'கூட்ட அறையில் நாற்காலி போடுவது', 'பழைய ரசீதுகளை ஆண்டுவாரியாகக் கட்டுவது'. எல்லாம் சலிப்பும் இல்லாத, ஆசையும் தூண்டாத வேலைகள். 'முதலாளிக்குக் காபி போடுவது' முதல் பட்டியலில் இருந்தது. பெண்கள் ஒரு விதமாகவும் ஆண்கள் வேறு விதமாகவும் எதிர்கொள்வார்கள், எடுத்துவிட்டோம்.

முதலில் 48-ஐயும் கலைத்துக் கொடுத்து, எவ்வளவு பிடிக்கிறது என்று 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்ல வேண்டும். பிறகு பங்கேற்பவரே 12 தேர்வார். சோதிப்பவர் மிச்சத்திலிருந்து 12 எடுத்து 'இவற்றையும் செய்ய வேண்டும்' என்று கொடுப்பார். அந்த 12 பங்கேற்பவர் குறித்த சராசரிப் பிடித்தத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரொம்பப் பிடிக்காததைக் கொடுத்தால் அந்த எரிச்சலே அடையாளமாகி நினைவில் நிற்கும். ரொம்பப் பிடித்ததைக் கொடுத்தால் எல்லோரும் 'நானே தேர்ந்தது' என்பார்கள். 24 அட்டை யாரும் தொடாமல் கிடக்கும். இருபது நிமிடம் வேறு வேலை. பிறகு 48-ஐயும் மறுபடி கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டி மூன்றில் ஒரு பதில் கேட்க வேண்டும்: நான், அவர், யாரும் இல்லை.

எண்ண வேண்டியவை இரண்டு பிழைகள். சோதிப்பவர் கொடுத்ததை 'நான்' என்றது எத்தனை, தானே தேர்ந்ததை 'அவர்' என்றது எத்தனை. முதலாவதை மட்டும் எண்ணினால் பொதுவாக மறதியுள்ளவரையும் இதில் சேர்த்துவிடுவோம். யாரும் தொடாத 24-இல் எத்தனைக்கு 'நான்' என்றார் என்பதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் 'நான்' என்று சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு, அந்த எண்ணிக்கையில் அது பிடிபடும். 12-க்கு 24 என்பதால் விகிதமாக மாற்றி ஒப்பிடுங்கள்.

பின்னால் நினைவுச் சோதனை வரும் என்று சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். தானே தேர்ந்ததைப் பட்டியலாகவே உருப்போட்டு வைப்பார்கள்.

17 மார்ச்

அகமுகர் (தனக்குள் ஒதுங்குபவர்), புறமுகர் (ஆட்களோடு கலப்பவர்) விஷயத்தில் சுருக்கமாக. ஹோவார்த்தும் ஐசங்கும் 1968-இல் சொல் ஜோடிகளைப் படிக்க வைத்து, உடனே, ஒரு நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம், 24 மணி நேரம் கழித்து என வெவ்வேறு கெடுவில் கேட்டார்கள். உடனே கேட்டால் புறமுகர் முன்னே. அடுத்த நாள் கேட்டால் அகமுகர் முன்னே. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே மாதிரி தெளிவாக வரவில்லை. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒரு கட்டுப்பாடு: எல்லோருக்கும் ஒரே இடைவெளி. அட்டை வேலையில் ஒருவருக்கு இருபது நிமிடம், மின்சாரம் போனதால் இன்னொருவருக்கு முப்பத்தைந்து என்றால், வகையின் வேலையா கடிகாரத்தின் வேலையா என்று பிரிக்க முடியாது.

20 மார்ச்

மனநிலையை எப்படிக் கொண்டுவருவது. எட்டு நிமிடம், தன் வாழ்க்கையில் நடந்த ஒரு வருத்தமான சம்பவத்தை நிகழ்காலத்தில் எழுதச் சொல்வது. ஒப்பீட்டுக் குழு நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து வகுப்பு வந்தது வரை எழுதும். எழுதியதைச் சோதனை நடத்துபவர் வாங்கவே கூடாது. எழுதியவரே கிழித்துப் போடலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போதுதான் உண்மையாக எழுதுவார்கள்.

சோகம் வந்ததா என்று பார்க்கச் சிறு பட்டியல் கொடுப்போம். 'உங்கள் சோகம் எவ்வளவு?' என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் சோதனையின் நோக்கம் வெளியே வந்துவிடும். உற்சாகம், கவனம், எரிச்சல், அமைதி, சோகம், களைப்பு எனப் பத்துப் பன்னிரண்டில் ஒன்றாகப் புதைத்துக் கேட்க வேண்டும். எழுதியதும் ஒருமுறை, மூன்று சொல் வேலை முடிந்ததும் மறுபடி. இரண்டாவது முறை செயல்நோக்கினரின் சோகம் இறங்கியிருந்து நிலைநோக்கினருடையது இறங்காமல் இருந்தால் கோட்பாடு சொன்ன திசையில்தான் போகிறது. எழுத்துக்கும் முதல் தொகுதிக்கும் நடுவே மூன்று நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். எழுத்தில் வந்த சோகம் அவ்வளவு நேரம்தான் தாங்கும். விளக்கவுரையை நீட்டினால் அதிலேயே கரைந்துவிடும்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், சமீபத்தில் இழவு கண்டவர் இந்தக் குழுவில் வேண்டாம். காரணம் கேட்காமல் விலகும் உரிமை எல்லோருக்கும். முடிந்ததும் ஒரு நல்ல சம்பவத்தை எழுதச் சொல்லி, மனநிலையை மறுபடி அளந்து, அதன் பிறகே அனுப்ப வேண்டும். நேரம் போதவில்லை என்று இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டுகிறவர் சோதனை நடத்தத் தகுதியில்லாதவர் என்பது எங்கள் கட்சி.

22 மார்ச்

'எனக்கு உள்ளுணர்வு அதிகம்' என்று சொல்பவருக்கு உண்மையில் கணிப்பு அதிகமா? சீமோர் எப்ஸ்டைனின் தாளில் 'உள்ளுணர்வின் மேல் நம்பிக்கை' என்றே ஓர் அளவுகோல் உண்டு. கணிப்பை அல்ல, நம்பிக்கையை அளக்கிறது என்று பெயரிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

வேலை சார்ந்த உள்ளுணர்வு வேறு கணக்கு. சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் சதுரங்கப் பலகையை ஐந்து விநாடி காட்டி, காய்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை காணாமல் போனது. அவருடையது பொது ஞாபகசக்தி அல்ல, ஆட்டத்தில் கண்டு கண்டு சேர்ந்த உருவங்கள். 2009-இல் கானமனும் கேரி க்ளைனும், இந்த விஷயத்தில் பல ஆண்டு எதிரெதிர் நின்ற இருவர், சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒருவரின் உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனை வைத்தார்கள்: சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் பலன் சீக்கிரம் தெரிந்து பழக வேண்டும். தீயணைப்பு வீரருக்கு இரண்டும் கிடைக்கிறது. பங்குச்சந்தையில் தனித்தனிப் பங்கைப் பொறுக்குபவருக்கு முதலாவதே கிடைப்பதில்லை.

எனவே தாளில் தொழில் சார்ந்த கேள்வி ஒன்றும் இல்லை. நாம் எடுத்த மூன்று சொல் தொகுதியில் எல்லோரும் ஒரே அளவு பழகியது ஒன்றுதான், தமிழ். அதுவும் வீட்டில் தமிழ் பேசி ஆங்கில வழியில் படித்தவருக்குச் சற்றுக் குறையும். முதல் பக்கத்தில் பயிற்றுமொழி கேட்கும் கட்டம் சேர்த்தாயிற்று.

25 மார்ச்

எத்தனை பேர் வேண்டும். ஆளுமைக்கும் நினைவு வேலைக்கும் இடையே பெரிய தொடர்பு எதிர்பார்க்கக் கூடாது. 0.3 அளவு தொடர்பை ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க 85 பேர் தேவை, 0.2 என்றால் 194 பேர். முப்பது பேர் வகுப்பில் நடத்திவிட்டு 'தொடர்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவதுதான் இந்தச் செய்முறையில் வழக்கமாக நடக்கும் தவறு. நான்கைந்து ஆண்டுத் தொகுப்பைச் சேர்த்து வைத்தால் ஒரு வேளை பேசலாம். அதற்கு ஒவ்வோர் ஆண்டும் தாளை மாற்றாமல் இருக்க வேண்டும்.

வரிசை: அட்டைகளைப் பிடித்தத்துக்கு மதிப்பிடுதல், மனநிலை எழுத்து, முதல் மனநிலை அளவு, மூன்று சொல் தொகுதிகள், இரண்டாவது அளவு, அட்டைத் தேர்வு, 15 சொல் பட்டியலும் மற்ற நிரப்பு வேலையுமாக இருபது நிமிடம், அட்டை நினைவு, நல்ல சம்பவம். வகைக் கேள்வித்தாள் ஒரு வாரம் முன்னரே. அதே அமர்வில் வைத்தால், 'மனதில் ஓடிக்கொண்டிருக்கும்' என்று ஒப்புக்கொண்டவர் பிறகு அப்படியே நடந்துகொள்ளப் பார்ப்பார். அட்டைத் தேர்வு மூன்று சொல் வேலைக்குப் பின்னால் இருப்பதால் அதற்குள் சோகம் தணிந்திருக்கும் என்பது இந்த வரிசையின் பலவீனம். அதனால் தேர்வுக்கு முன் இரண்டு நிமிட வருத்த எழுத்து ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு தொகுதி விழுந்தது. 'அரிசி, மாடி, பாடம்' தொகுதியை இருபது வயதுக்காரர்களிடம் நேரக்கெடு இல்லாமல் கொடுத்தபோது பெரும்பாலோர் மாடியையும் பாடத்தையும் கட்டினார்கள், அரிசியில் நின்றுவிட்டார்கள். படியால் அளந்த அரிசியை அவர்கள் பார்த்ததில்லை, கிலோவில்தான் வருகிறது. 'நெல்' என்று மாற்றினாலும் அதே கதி. அந்த இடத்தில் 'பை, ஊசி, தோடு – காது' வைக்கலாம் என்றால் ஊசி இன்னொரு தொகுதியின் விடை. 'பை, கோப்பை, தோடு' என்று மாற்றி, பையின் காது, கோப்பையின் காது எல்லா ஊரிலும் அப்படியே சொல்கிறார்களா என்று ஐந்து ஊர்களுக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறது. பதில் வரும்வரை அந்தக் கட்டம் காலி.